கல்லீரல் போடும் ரேஷன்: செலினியம் குறைஞ்சா எந்தப் புரதம் முதல்ல காலியாகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த வரிகளை எடுத்துவிட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க சாப்பிடுற மல்டிவைட்டமின் டப்பாவுக்குப் பின்னாடி இரும்பு, துத்தநாகம் எல்லாம் மில்லிகிராம்ல இருக்கு, செலினியம் மட்டும் மைக்ரோகிராம்ல இருக்கு. "இவ்வளவு துக்கடா அளவு எதுக்கு? அதைப் போட்டா என்ன, போடாட்டி என்ன?"ன்னு கேட்டிருந்தாங்க.

நல்ல கேள்வி. அந்தத் துக்கடா அளவு எப்படி வந்ததுன்னு தேடிப் போனா, கதை மனுஷங்ககிட்ட ஆரம்பிக்கலை. எலிகளோட கல்லீரல்ல ஆரம்பிக்குது. அதனால இன்னைக்கு எபிசோடு முழுக்க ஈரல்தான். மட்டன் கடையில கேட்டு வாங்குவோமே, அதே ஈரல்.

ஈஸ்ட் மாறினா எலி சாகுது

கிளவுஸ் ஷ்வார்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர். 1940-களில் ஜெர்மனியில இருந்தபோதே அவர் எலிகளுக்குப் புரதத்துக்காக ஈஸ்ட் மட்டும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சில வாரங்கள் எலிகள் நல்லா ஓடியாடிட்டு இருக்கும். அப்புறம் திடீர்னு செத்துப்போகும். அறுத்துப் பார்த்தா கல்லீரல்ல திட்டுத் திட்டாக திசு செத்துக் கிடக்கும்.

பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போய், பெதஸ்டாவுல இருக்கிற தேசிய சுகாதார நிறுவனத்துல சேர்ந்தார். அங்கே அதே சோதனையை பீர் காய்ச்சும் ஈஸ்ட் வெச்சு செஞ்சார். எலிகளுக்கு ஒண்ணுமே ஆகலை! டோருலான்னு இன்னொரு வகை ஈஸ்ட் இருக்கு, காகித ஆலைக் கழிவுல வளர்க்கிறது. அதைக் கொடுத்தா மறுபடியும் கல்லீரல் கெட்டது.

ரெண்டும் ஈஸ்ட்தான், ரெண்டுலயும் புரதம் இருக்கு. அப்படின்னா அமெரிக்க பீர் ஈஸ்ட்ல ஏதோ ஒண்ணு கல்லீரலைக் காப்பாத்துது, அது டோருலாவுல இல்லை. வைட்டமின் ஈ கொடுத்தாலும் எலிகள் பிழைச்சது. கந்தகம் இருக்கிற சிஸ்டின் என்ற அமினோ அமிலம் கொடுத்தாலும் பாதுகாப்பு கிடைச்சது. இது ரெண்டும் இல்லாத மூணாவது பொருளுக்கு ஷ்வார்ட்ஸ் வெச்ச பேர் "காரணி 3". பேரைக் கேட்டா சயின்ஸ் ஃபிக்ஷன் படம் மாதிரி இருக்கு. ஆனா அது என்னன்னு கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆச்சு.

செறிவாக்கிய சாற்றுல இருந்து பூண்டு வாடை அடிச்சதுதான் துப்பு கொடுத்ததுன்னு ஒரு கதை இந்தத் துறையில உலவுது. வேதியியல்படி அது பொருந்தவும் செய்யுது. செலினியம் சேர்ந்த சில சேர்மங்கள் பூண்டு மாதிரியே நாறும். 1957-ல ஷ்வார்ட்ஸும் கால்வின் ஃபோல்ட்ஸும் சேர்ந்து ஒரு சின்னக் கட்டுரை போட்டாங்க: காரணி 3-க்குள்ள இருக்கிறது செலினியம்.

அன்னைக்கு அதைப் படிச்சவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஏன்னா 1957 வரைக்கும் கால்நடை உலகத்துல செலினியம்னாலே விஷம். அமெரிக்காவுல தெற்கு டகோட்டா பக்கம் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் குளம்பு கழண்டு விழும், பிடரி மயிர் கொட்டும். மண்ணுல செலினியம் ஜாஸ்தி, அது புல்லுக்கும் தானியத்துக்கும் ஏறி, மிருகத்துக்குள்ள போகுதுன்னு 1930-களில் கண்டுபிடிச்சிருந்தாங்க. 1943-ல வந்த ஒரு ஆய்வு, அதிக செலினியம் எலிகளோட கல்லீரல்ல கட்டி உண்டாக்குதுன்னு வேற சொல்லியிருந்தது. இப்போ ஒருத்தர் வந்து, "அது இல்லாட்டியும் கல்லீரல் சாகும்"னு சொல்றார்.

அப்படி என்ன வேலை பார்க்குது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் 16 வருஷம் ஆச்சு. 1973-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஒரு குழு, குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிக்குள்ள செலினியம் உட்கார்ந்திருக்குன்னு காட்டினாங்க. பேர் நீளமா இருக்கு, இனிமே ஜிபிஎக்ஸ்னு சொல்றேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு தெரியும்ல? பார்லர்ல முடிக்கு பிளீச் போட, காயத்தைக் கழுவப் பயன்படுத்துறது. அதே பொருள் நம்ம செல்லுக்குள்ளயும் ஓயாம உண்டாகுது. மூச்சு விடுறதோட பக்கவிளைவுன்னே சொல்லலாம். கொஞ்சமா இருந்தா பரவாயில்லை, சேர்ந்துட்டா செல் சவ்வுல இருக்கிற கொழுப்பையும் புரதங்களையும் அரிச்சுடும். ஜிபிஎக்ஸ் அந்தப் பெராக்சைடைப் பிடிச்சு வெறும் தண்ணியா மாத்திடுது. கல்லீரல்ல இந்த நொதி ஏராளமா இருக்கு. மருந்து, சாராயம், பூச்சிமருந்து எல்லாம் வந்து சேர்ற இடம் அது.

செலினியம் இந்தப் புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கிற துணுக்கு இல்லை. புரதச் சங்கிலியிலேயே ஒரு கண்ணியா கோத்திருக்கு. பிளஸ் டூவுல இருபது அமினோ அமிலம்னு படிச்சிருப்போம். இது இருபத்தொண்ணாவது: செலினோசிஸ்டீன்.

இதைக் கோக்கிற முறையில ஒரு வினோதம் இருக்கு, அதைப் புரிஞ்சுக்கிட்டா மீதிக் கதை சுலபம். ஜீன்ல இருந்து வர்ற செய்தியை, அதாவது எம்ஆர்என்ஏவை, ரைபோசோம் மூணு மூணு எழுத்தா படிச்சுக்கிட்டே போகும். அதுல யூ-ஜி-ஏ என்ற மூணு எழுத்து வந்தா வழக்கமா "இத்தோட நிறுத்து"ன்னு அர்த்தம். ஆனா செலினியப் புரதங்களோட செய்தியில, வால் பக்கத்துல ஒரு தனி மடிப்பு இருக்கும். அந்த மடிப்பு, "இங்க யூ-ஜி-ஏ வந்தா நிறுத்தாதே, செலினோசிஸ்டீனைப் போடு"ன்னு சொல்லும். ஒரே எழுத்து, ரெண்டு அர்த்தம்.

சரி, போடச் சொன்ன செலினோசிஸ்டீன் கையிருப்புல இல்லைன்னா?

தண்ணி லாரி வராத தெரு

2019 சென்னைத் தண்ணிப் பஞ்சத்தை நினைச்சுப் பாருங்க. லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது. வீட்டுல முதல்ல எதை நிறுத்துவாங்க? கார் கழுவுறது. அப்புறம் செடிக்கு ஊத்துறது. சமையலுக்கும் குடிக்கவும் கடைசி வரைக்கும் எப்படியாவது ஒரு குடம் எடுத்து வெச்சிருப்பாங்க. செலினியம் குறைஞ்ச கல்லீரலும் இதைத்தான் செய்யுது.

ஜிபிஎக்ஸ்ல பல வகை உண்டு. கல்லீரல்ல ரொம்ப அதிகமா இருக்கிறது ஜிபிஎக்ஸ்-1. அளவுல சின்னது, ஆனா செல் சவ்வைப் பாதுகாக்கிறது ஜிபிஎக்ஸ்-4. ரோஜர் சண்டே என்ற ஆய்வாளரோட குழு 1990-களில் எலிகளுக்கு செலினியம் இல்லாத தீனி கொடுத்து ரெண்டையும் அளந்தாங்க. கல்லீரல்ல ஜிபிஎக்ஸ்-1 செயல்பாடு கிட்டத்தட்ட பூஜ்யம், வழக்கமான அளவுல நூத்துல ஒண்ணோ ரெண்டோ பங்குதான் மிச்சம். அதே கல்லீரல்ல, அதே தீனியில, ஜிபிஎக்ஸ்-4 சுமார் 40 சதவீதம் அப்படியே நின்னது!

ரெண்டுக்கும் தேவை செலினியம்தான். ஒண்ணு காலியாகுது, ஒண்ணு நிக்குது. எப்படி?

ஒரு பகுதி விளக்கம் நம்ம யூ-ஜி-ஏ-ல இருக்கு. செலினோசிஸ்டீன் கையில இல்லாதபோது ரைபோசோம் அந்த மூணு எழுத்தைப் பழைய அர்த்தத்துலயே எடுத்துக்கும்: நிறுத்து. பாதியில நின்ன செய்தியைப் பார்த்ததும் செல்லோட தரக்கட்டுப்பாடு முழிச்சுக்கும். "இது அச்சுப்பிழை உள்ள பிரதி"ன்னு முடிவுகட்டி அந்த எம்ஆர்என்ஏவையே கிழிச்சுப் போட்டுடும். ஜிபிஎக்ஸ்-1 செய்தி இந்தக் கிழிப்புக்குச் சட்டுனு மாட்டிக்குது. அதனாலதான் பஞ்ச காலத்துல அதோட எம்ஆர்என்ஏவே பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிடுது. ஜிபிஎக்ஸ்-4 செய்தி பெரும்பாலும் தப்பிச்சுடுது. இங்கே யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கலை, கமிட்டி போடலை. ரெண்டு செய்திகளோட உறுதியில இருக்கிற வித்தியாசமே ரேஷன் கார்டு வேலையைப் பார்த்துடுது. இந்த ஆராய்ச்சியிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கான்னு பார்க்க, சுண்டெலிகள்ல அந்தந்த ஜீனையே எடுத்துட்டுப் பார்த்தாங்க. ஜிபிஎக்ஸ்-1 ஜீன் இல்லாத சுண்டெலி பிறக்குது, வளருது, குட்டி போடுது. ஜிபிஎக்ஸ்-4 ஜீன் இல்லாத கரு, தாய் வயித்துலயே முதல் சில நாள்ல அழிஞ்சுடுது. செடிக்கு ஊத்துறதை நிறுத்தலாம், குடிக்கிற தண்ணியை நிறுத்த முடியாது.

ஊருக்கு அனுப்பிட்டுத்தான் தனக்கு

கல்லீரல் இன்னொரு புரதத்தையும் செய்யுது: செலினோபுரதம்-பி. ஜிபிஎக்ஸ்-1 மூலக்கூறு ஒவ்வொண்ணும் நாலு துண்டு சேர்ந்தது, துண்டுக்கு ஒரு செலினியம். இந்தப் பி புரதத்துல ஒரே சங்கிலியில பத்து செலினியம் கோத்திருக்கும், எலிக்கும் சரி நமக்கும் சரி. கல்லீரல் இதைச் செஞ்சு ரத்தத்துல விடும். மூளையும் விரையும் அதைப் பிடிச்சு உள்ளே இழுத்துக்கும். பார்சல் சர்வீஸ்தான்.

பஞ்சத்துல இந்தப் பார்சலும் குறையும், அதுல சந்தேகமில்லை. ஆனா வரிசை கவனிக்கத்தக்கது. வறண்டுபோன எலிக்குக் கொஞ்சமே கொஞ்சம் செலினியம் கொடுத்தா, முதல்ல ரத்தத்துல செலினோபுரதம்-பி எழும்பும். கல்லீரல்ல ஜிபிஎக்ஸ்-1 அப்புறம்தான் மெதுவா திரும்பும். மாசக்கணக்கா செலினியம் இல்லாத தீனி சாப்பிட்ட எலியோட கல்லீரல் கிட்டத்தட்ட காலியா இருக்கும்போதும், மூளை தன்னோட செலினியத்துல பாதிக்கும் மேல வெச்சிருக்கும்.

2003-ல இந்த பி புரத ஜீனை எடுத்துட்ட சுண்டெலிகளை ரெண்டு குழுக்கள் தனித்தனியா உருவாக்கினாங்க. செலினியம் குறைஞ்ச தீனி கொடுத்தப்போ அந்தச் சுண்டெலிகள் நடையில தடுமாறுச்சு, வலிப்பு வந்தது. கல்லீரல்கிட்ட சரக்கு இருந்தது, மூளைக்குக் கொண்டுபோக வண்டிதான் இல்லை.

பார்க்க நல்லாத்தான் இருக்கு

இதெல்லாம் கேட்டா, "கல்லீரல் சாமர்த்தியமா சமாளிச்சுடுதே, அப்புறம் என்ன பிரச்சினை?"ன்னு தோணும். பிரச்சினை அந்தச் சாமர்த்தியத்துலதான் ஒளிஞ்சிருக்கு. செலினியம் மட்டும் குறைஞ்சு, வைட்டமின் ஈ போதுமான அளவு இருந்தா எலி சாகாது. சாப்பிடும், தூங்கும், கூண்டுல சக்கரம் சுத்தும். கல்லீரல் வேற சில நொதிகளைக் கூட்டிக்கிட்டு இடைவெளியை ஓரளவு அடைக்கவும் செய்யும். கண்ணால பார்த்து எதுவுமே சொல்ல முடியாது.

ரெண்டாவதா ஒரு அடி விழும்போதுதான் குட்டு உடையும்.

ஜிபிஎக்ஸ்-1 இல்லாத அந்த "ஆரோக்கியமான" சுண்டெலிக்கு, பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் கொஞ்சம் கொடுத்தாங்க. சாதாரண சுண்டெலி தாங்கிக்கிற அளவுதான். இது தாங்கலை, செத்துப்போச்சு. அதே குடும்பத்தைச் சேர்ந்த டைகுவாட்டை செலினியம் குறைஞ்ச எலிகளுக்குக் கொடுத்தப்போ கல்லீரல் திசு கொத்தாகச் செத்தது. நல்ல தீனி சாப்பிட்ட எலிக்கு அதே அளவுல ஒண்ணும் ஆகலை.

அதைவிட மிரட்டுற சோதனை வைரஸ் பத்தினது. வட கரோலினாவுல மெலிண்டா பெக் குழு 1990-களின் நடுவுல செஞ்சது. காக்ஸாகி வைரஸ்ல இதயத்தைப் பாதிக்காத சாதுவான ஒரு ரகத்தை எடுத்து, செலினியம் குறைஞ்ச சுண்டெலிகளுக்குக் கொடுத்தாங்க. அந்தச் சுண்டெலிகளோட இதயத் தசை கெட்டது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். அடுத்து, அந்தச் சுண்டெலிகள்கிட்ட இருந்து வைரஸை எடுத்து, நல்ல தீனி சாப்பிட்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தாங்க. அவங்களுக்கும் இதயம் கெட்டது! வைரஸோட மரபுச் சங்கிலியில ஆறு எழுத்து மாறியிருந்தது. சத்துக் குறைஞ்ச உடம்புக்குள்ள போய் வந்த சாது வைரஸ், ரவுடியா வெளியே வந்துச்சு. ஜிபிஎக்ஸ்-1 ஜீன் இல்லாத சுண்டெலியிலயும் வைரஸ் இப்படி மாறினதைப் பிறகு காட்டினாங்க.

இந்தச் சோதனைக்குப் பின்னணி சீனாவுல இருக்கு. ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துல கேஷான் என்ற ஊர்ப்பகுதியில 1935-ல குழந்தைகளையும் பெண்களையும் தாக்கின ஒரு இதய நோய்க்கு அந்த ஊர் பேரையே வெச்சுட்டாங்க. மண்ணுல செலினியம் ரொம்பக் குறைஞ்ச பகுதிகள்ல அது பரவலா இருந்தது. 1970-களில் செலினிய மாத்திரை கொடுத்ததும் நோய் சட்டுனு இறங்கிச்சு. ஆனா மண் வருஷம் முழுக்க அதே மண்தானே, நோய் மட்டும் ஏன் சீசன் பார்த்து வந்தது? சத்துக் குறைவோட ஒரு வைரஸும் கூட்டு சேர்ந்திருக்கணும்னு சந்தேகம் எழுந்தது அதனாலதான்.

தீனியில ஒரு சிட்டிகை

பண்ணை விஷயத்தை வேகமா சொல்லிடறேன். ஆட்டுக்குட்டிகளோட தசை வெளுத்துப்போய் நடக்க முடியாம விழுற நோய் செலினியத்தால தடுக்கப்படுதுன்னு 1958-ல ஓரிகன் மாநிலத்துல காட்டினாங்க. பன்றிகளுக்குக் கல்லீரலே கெடும். இருந்தும் "புற்றுநோய் உண்டாக்கும்"னு 1943-ல விழுந்த முத்திரையால தீனியில கலக்க அனுமதி கிடைக்கலை. 1974-லதான் அமெரிக்காவுல பன்றிக்கும் கோழிக்கும் 0.1 பிபிஎம் அனுமதிச்சாங்க. ஒரு டன் தீனிக்கு 100 மில்லிகிராம், சும்மா ஒரு சிட்டிகை. பின்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய் 1984-ல உரத்துலயே செலினியம் கலக்கிறதுன்னு இறங்கிடுச்சு. மண்ணுக்குப் போட்டா புல், மாடு, பால், மனுஷன்னு எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஆனா அந்தச் சிட்டிகை ரெண்டு மூணு பிடி ஆயிட்டா கதை கந்தல். 2009 ஏப்ரல்ல ஃபுளோரிடாவுல ஒரு பெரிய போட்டிக்கு முன்னாடி 21 போலோ குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து செத்தது. போட்டிக்கு முன்னாடி போடுற சத்து ஊசியில செலினியம் அளவு தப்பாகக் கலந்திருந்தது. ரத்தத்துலயும் கல்லீரல்லயும் செலினியம் கொட்டிக் கிடந்துச்சு. நம்ம நாட்டுலயும் பஞ்சாப்ல நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில வயல்கள்ல செலினியம் மிதமிஞ்சி இருக்கு. அங்கே மாடுகளுக்கு வர்றது தெற்கு டகோட்டா கதைதான், குளம்பும் முடியும்.

அந்த டப்பாவுக்கு வருவோம்

எலிக்குத் தீனியில செலினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போனா, கல்லீரல்ல ஜிபிஎக்ஸ்-1 கூடவே ஏறும். சுமார் 0.1 பிபிஎம் வந்ததும் கோடு படுத்துடும். அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் நொதி கூடாது. தொட்டி நிரம்பின பிறகு மோட்டார் ஓடினா மொட்டை மாடிதான் நனையும். மனுஷங்கள்ல இதைப் பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்ததும் உண்டு. 2001-ல தொடங்கின ஒரு ஆய்வுல 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்தாங்க. புராஸ்டேட் புற்றுநோய் குறையுமான்னு பார்க்க செலினியம், வைட்டமின் ஈ, ரெண்டும் சேர்த்து, வெறும் மாத்திரைன்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. செலினியம் தினம் 200 மைக்ரோகிராம். பலன் இல்லைன்னு தெரிஞ்சதும் 2008-ல மாத்திரையை நிறுத்திட்டாங்க.

அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவுதான் வேணும்? அமெரிக்காக்காரங்க சொல்றது 55 மைக்ரோகிராம். 2014-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது 70. ஒரே மனுஷ உடம்பு, ரெண்டு கணக்கு. அமெரிக்காக்காரங்க, ரத்தத்துல ஜிபிஎக்ஸ் எந்த அளவுல நிரம்பி நிக்குதுன்னு பார்த்துக் கணக்குப் போட்டாங்க. ஐரோப்பாக்காரங்க பார்த்தது கல்லீரல் அனுப்புற பார்சலை, அதாவது செலினோபுரதம்-பி-யை. அது நிரம்ப இன்னும் கொஞ்சம் கூடுதலா செலினியம் தேவைப்படுது. எந்தப் புரதத்தைக் கேட்கிறோமோ, அதுக்கேத்த பதில்.

மீன், முட்டை, ஈரல் சாப்பிடுறவங்களுக்கு இந்த அளவு பெரும்பாலும் சாப்பாட்டுலயே வந்துடும். தானியத்துல எவ்வளவு வரும்ங்கிறது அது விளைஞ்ச மண்ணைப் பொறுத்தது. பிரேசில் நட் சாப்பிடுற ஃபிட்னெஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அதுல ஒரே ஒரு கொட்டையிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல இருக்கலாம், கைப்பிடியா அள்ளிப் போட்டுக்காதீங்க. பெரியவங்களுக்கு அமெரிக்கக் கணக்குல உச்சவரம்பு 400 மைக்ரோகிராம். வாய்ஸ் நோட் அனுப்பினவங்க டப்பாவுல எவ்வளவு போட்டிருக்குன்னு சொல்லலை. டப்பாவைத் திருப்பிப் பார்த்து எழுதுங்க, கூடவே வேற ஏதாவது சத்து மாத்திரை எடுக்கிறீங்களான்னும் சொல்லுங்க. ரெண்டையும் கூட்டித்தான் பார்க்கணும்.

அடுத்த எபிசோடு செம்பு பத்தி. அதுவும் கல்லீரல்ல இருந்துதான் கிளம்புது.